வாசலில் தொங்கும் கடப்பாரை

(சித்தூரில் ஒரு மார்கழி மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பு, தகுதி என்ற இரண்டு சொற்களைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். கடவுள் ஒருவரை ஒரு வேலைக்குக் கூப்பிடுகிறார். கூப்பிடப்பட்டவரோ, ‘எனக்கு என்ன தெரியும், என் கையில் என்ன இருக்கிறது’ என்று பின்வாங்குகிறார். இதைப் பேச நாம் தூரதேசம் போக வேண்டாம். சித்தூரில் பஸ் ஏறினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம். அங்கிருந்து திருப்பதி, மேலே திருமலை. மலையிறங்கிக் கிழக்கே போனால் காளத்தி. 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தபோது திருமலையும் காளத்தியும் திருப்பதி மாவட்டமாகிவிட்டன. காணிப்பாக்கம் நம்மோடு நின்றது. பிரித்தது கணக்குக்குத்தான். கதைகளை யாரும் பிரிக்கவில்லை.

காணிப்பாக்கம், திருமலை, காளத்தி என்ற இந்த மூன்று ஊர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சின்ன வயதிலிருந்து தனித்தனியாகக் கேட்ட கதைகள் என்பதால் நாம் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்திருக்க மாட்டோம். மூன்று ஊரிலும் சாமி இரத்தம் சிந்தியிருக்கிறது.

காணிப்பாக்கத்துக் கதை உங்களுக்குத் தெரியும். அண்ணன் தம்பி மூன்று பேர். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச வராது. மூவருக்கும் சேர்த்து ஒரு துண்டு நிலம், ஏற்றம் போட்ட ஒரு கிணறு. கிணறு வற்றியது. தூர் எடுத்து ஆழப்படுத்த இறங்கினார்கள். இரும்பு ஒரு கல்லில் பட்டது. கல்லிலிருந்து இரத்தம் பீறிட்டது. கிணற்றுத் தண்ணீர் முழுக்கச் சிவந்தது. மூவருடைய குறையும் அந்த நொடியே நீங்கியது என்று முடிப்பார்கள். அந்தக் கல்தான் வரசித்தி விநாயகர். இன்றைக்கும் அவர் கிணற்றுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார், கால் நனைய.

நான் கவனிக்கச் சொல்வது வேறோர் இடத்தை. அந்த மூன்று பேரும் சாமியைத் தேடி இறங்கவில்லை. கோயில் கட்டவும் இறங்கவில்லை. பயிருக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் இறங்கினார்கள். கண்ணில்லாதவர் எப்படிக் கிணற்றில் இறங்குவது, காது கேட்காதவருக்கு மேலிருந்து எப்படிக் குரல் கொடுப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால், பயிர் காய்ந்திருக்கும். ஒருவருடைய குறையை இன்னொருவர் ஈடுகட்டிக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

காளத்தியில் நடந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடியிருக்கிறார். திண்ணன் என்ற வேடர், பின்னாளில் கண்ணப்பர். ஆகமம் தெரியாது, ஆசாரம் தெரியாது. வாயில் மொண்ட தண்ணீர்தான் திருமஞ்சனம், தலைமயிரில் செருகி வந்த பூதான் அர்ச்சனை, பன்றி இறைச்சிதான் நைவேத்தியம். எல்லாம் தெரிந்த சிவகோசரியார் தினமும் வந்து அந்த எச்சிலைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் பதைபதைக்கிறார். ஆறாம் நாள் லிங்கத்தின் கண்ணில் இரத்தம். சிவகோசரியார் மறைந்து நின்று பார்க்கிறார், திண்ணன் ஓடுகிறார். பச்சிலை தேடிப் பிழிந்து பார்க்கிறார், நிற்கவில்லை. பிறகு தம் கண்ணையே அம்பால் பெயர்த்து அப்புகிறார். கண்ணப்பரிடம் தகுதி உண்டா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அவர் அதை ஒரு தடவைகூடத் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை. எதிரே ஒருவருக்கு இரத்தம் வழியும்போது, ‘நான் இதைத் துடைக்கத் தகுந்தவனா’ என்று நின்று யோசிப்பவர் உண்டா? ஓடுவோம்.

இதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது. நம் ஊர்ப்பக்கத்தில் கடவுளின் அழைப்பு இடி முழக்கத்தோடு வந்ததாகக் கதை இல்லை. ஒரு தேவையாக வந்திருக்கிறது. தாகமாக, காயமாக, பூ இல்லாத சந்நிதியாக வந்திருக்கிறது. கூப்பிடுகிறவரே குறையோடு வந்து நிற்கிறார்.

இப்போது திருமலைக்கு வருவோம். நான் நெடுநேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான்.

ஸ்ரீரங்கத்தில் ராமானுஜர் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் பத்தில் மூன்றாம் திருவாய்மொழி. காலமெல்லாம் இடைவிடாமல் உடனிருந்து தொண்டு செய்ய வேண்டும் என்று நம்மாழ்வார் திருவேங்கடத்தானிடம் ஏங்கிச் சொல்லும் பதிகம். அதில் அந்த மலையின் பூக்களைப் பற்றிய இடம் வந்ததும் ராமானுஜருக்குத் தொண்டை அடைத்தது. ஆழ்வார் இப்படிப் பாடியிருக்கிறார், ஆனால் இன்று அந்த மலையில் நந்தவனம் வைத்துப் பூக்கட்டிச் சாத்த ஓர் ஆள் இல்லையே என்று கலங்கினார். சபையைப் பார்த்து, யாராவது போகிறீர்களா என்று கேட்டார்.

அந்தச் சபையில் வேதம் கரை கண்டவர்கள் இருந்தார்கள். பிரபந்தம் முழுக்க வாயில் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் குனிந்த தலை நிமிரவில்லை. திருமலை அன்று இன்றைய திருமலை இல்லை. தேவஸ்தான பஸ் இல்லை, மலைப்பாதை இல்லை. அடர்ந்த காடு, காட்டு மிருகம், உடம்பை முறிக்கும் குளிர், மலைக்காய்ச்சல். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்ரீரங்கத்தையும் ஆசாரியரையும் விட்டுப் பிரிய வேண்டும். பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சபையில் நான் இருந்திருந்தால் என் தலையும் குனிந்துதான் இருந்திருக்கும்.

ஒருவர் எழுந்தார். கன்னட நாட்டிலிருந்து வந்தவர், அனந்தன். ராமானுஜர் மகிழ்ந்து, இத்தனை பேரில் ஆண்பிள்ளை இவர்தான் என்று கொண்டாடினார். அதிலிருந்து அவருக்கு அனந்தாண்பிள்ளை என்று பெயர். அனந்தாழ்வான் என்றும் சொல்கிறோம்.

அவர் எழுந்து நின்றபோது அவரிடம் என்ன இருந்தது? தோட்டக்காரர் இல்லை, ஏரி வெட்டிப் பழகியவர் இல்லை. புத்தகம் சுமந்த கை. கூட வரப்போவது மனைவி மட்டும். மலைமேல் வேலை தொடங்கியபோது அந்த அம்மா கர்ப்பிணி. பூச்செடிக்குத் தண்ணீர் வேண்டும், ஆகவே குளம் வெட்ட வேண்டும். அவர் கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்துக் கூடையில் அள்ளிப் போடுவார். அந்த அம்மா தலையில் சுமந்து போய்க் கொட்டிவிட்டு வருவார். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. ஆசாரியர் தமக்கு இட்ட பணியைத் தாமே செய்ய வேண்டும் என்ற உறுதி.

ஒரு சிறுவன் வந்தான். நானும் மண் சுமக்கிறேன் என்றான். அனந்தாழ்வான் துரத்திவிட்டார். அவன் போகிற மாதிரி போய், வழியில் நின்று அந்த அம்மாவிடம் கூடையை வாங்கிச் சுமந்தான். வயிற்றுப் பிள்ளைக்காரி, அவருக்கு இளைப்பாற ஓர் இடம் கிடைத்தது. மனைவி வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வருவதைப் பார்த்து அனந்தாழ்வானுக்குச் சந்தேகம். பின்னால் போய்ப் பார்த்தார். தன் கைங்கரியத்தில் பங்குக்கு வருகிறானே என்று கோபம் தலைக்கேறியது. கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது பையனின் மோவாயில் பட்டது. இரத்தம் சொட்டச் சொட்ட அவன் கோயிலுக்குள் ஓடி மறைந்தான்.

உள்ளே அர்ச்சகர்கள் அலறினார்கள். மூலவரின் திருமுகவாயிலிருந்து இரத்தம் வழிகிறது. அனந்தாழ்வான் ஓடி வந்து பார்த்து நடுங்கிப் போனார். பச்சைக் கற்பூரத்தை வைத்து அப்பினார்கள், இரத்தம் நின்றது. இன்றும் வேங்கடமுடையான் மோவாயில் வெள்ளையாகத் தெரிவது அந்தக் கற்பூரம்தான். அலங்காரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். அது காயத்துக்குப் போட்ட மருந்து.

அந்தக் கடப்பாரை எங்கே இருக்கிறது தெரியுமா? கோயில் மகாதுவாரத்துக்குள் நுழையும்போது வலது கைப்பக்கச் சுவரில் உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். தரிசன வரிசையில் பின்னால் தள்ளுகிற தள்ளலில், முன்னால் போகிற அவசரத்தில், நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானே எத்தனையோ முறை பார்க்காமல் போயிருக்கிறேன். ஒருமுறை கூட்டம் அங்கே நின்றுவிட்டது. கோவிந்தா, கோவிந்தா என்ற குரலுக்கு நடுவில் தற்செயலாகத் தலையைத் தூக்கினேன். கருத்த நீண்ட இரும்பு. நம் வீட்டுக் கொல்லையில் சாத்தி வைத்திருப்போமே, அதே ஜாதி. பொன் வேய்ந்த விமானம் உள்ள கோயில், வைரக் கிரீடம் உள்ள கோயில், தலைவாசலில் தொங்குவது ஒரு கடப்பாரை!

வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அனந்தாழ்வான் கட்டிய முதல் மாலையை நினைவாக வைக்கவில்லை, வாடிப்போகும் என்பதால் இருக்கலாம். ஆனால் அவர் செய்த தவறை வைத்திருக்கிறார்கள். பெருமாளின் தொண்டர் பெருமாளையே அடித்த ஆயுதம் அது. மறைத்து வைக்க வேண்டியதை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். எழுந்து வந்தவனுக்குக் கோபம் உண்டு, ‘என் வேலை’ என்ற பற்று உண்டு, அவனும் தவறு செய்வான், தவறு செய்த பிறகும் அவன் என் தோட்டக்காரன்தான் என்று அந்த வாசல் எனக்குச் சொன்னது. அந்த நாளுக்குப் பிறகும் அனந்தாழ்வான் மலையை விட்டு இறங்கிவிடவில்லை. நந்தவனம் வளர்ந்தது. புருசைவாரித் தோட்டம் என்று அதற்குப் பெயர்.

அதே மனிதர் பிறகு எப்படிக் கனிந்தார் என்பதற்கும் கதை இருக்கிறது. ஒருமுறை பயணம் புறப்பட்டவர், வழியில் சோற்று மூட்டையைப் பிரித்தால் உள்ளே எறும்பு. அத்தனை தூரம் திரும்பி மலையேறி அந்த எறும்புகளைத் திருமலையிலேயே விட்டுவிட்டு வந்தாராம். இந்த மலையில் ஏதாவதாகப் பிறந்தால் போதும் என்று குலசேகர ஆழ்வார் வேண்டிய மலை, இந்த எறும்பு யாரோ, இதைப் பிரிக்க நான் யார் என்றாராம். சிறுவனை அடித்துத் துரத்தியவர் எறும்பைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். இந்த மாற்றத்தை அவர் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டு மலையேறியிருக்க முடியுமா? மண் சுமந்த இடத்தில்தான் அது அவருக்குக் கிடைத்தது.

வைணவத்தில் ஒரு நல்ல சொல் உண்டு, கைம்முதல். வியாபாரத்துக்கு வைக்கும் முதல். சரணாகதிக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்டால், என் கையில் முதல் ஒன்றும் இல்லை என்ற உணர்வுதான் தகுதி என்று நம் ஆசாரியர்கள் சொன்னார்கள். ஆகிஞ்சன்யம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வேறெங்கே போனாலும் இல்லாதவன் வெளியே நிற்க வேண்டும். இங்கே இல்லாமையே உள்ளே போகும் சீட்டு.

ஆனால் இந்தச் சொல்லை நாம் கெடுத்து வைத்திருக்கிறோம், அதையும் மனம் விட்டுப் பேச வேண்டும். ‘அடியேனுக்கு என்ன தகுதி’ என்று இன்று நாம் சொல்வது பெரும்பாலும் வேலையிலிருந்து தப்பிக்க. எழுந்து நடந்துகொண்டே, சுமந்துகொண்டே, எனக்குத் தகுதியில்லை என்பவரின் பணிவை நான் நம்புகிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அதைச் சொன்னால், அது பணிவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பயம்.

இதை ஊருக்குச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், பக்கவாதத்தில் படுத்துவிட்டார். பேச்சுப் போய்விட்டது. தினம் பிரபந்தம் சொல்லிப் பழகிய வாய். அவர் மகள் என்னிடம் வந்து, “அண்ணா, சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் வந்து அப்பாவுக்குப் பாசுரம் வாசிக்கிறீர்களா?” என்று கேட்டாள். நான் சந்தை சொல்லி, அதாவது ஆசிரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் படித்தவன் இல்லை. தப்பும் தவறுமாக வாசித்தால் அவர் மனம் நோகும், முறையாகப் படித்த ஆளாகப் பாரம்மா என்று அனுப்பிவிட்டேன். இரண்டாம் முறையும் வந்தாள். மூன்றாம் முறையும் அதையே சொன்னேன். நான்காம் முறை அவள் வரவில்லை. அது என்னைத் தூங்க விடவில்லை. மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

வாசித்தேன், தவறாகத்தான் வாசித்தேன். பிரிக்கக் கூடாத இடத்தில் சொல்லைப் பிரித்தபோது ஒரு சத்தம். அவருடைய வலது கை நன்றாக இருந்தது. ஆள்காட்டி விரலால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு. நிறுத்தி, திரும்ப வாசித்தேன். சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி தவறு, மறுபடி தட்டு. நான்கு மாதம் அந்த விரல்தான் எனக்குச் சந்தை சொல்லிக் கொடுத்தது. கடைசி வாரங்களில் தட்டு குறைந்தது. நான் திருந்திவிட்டேனா, அவருக்கு விரலைத் தூக்கத் தெம்பில்லையா, தெரியாது. நான் தகுதி பெற்ற பிறகு போவதென்று இருந்திருந்தால், என் ஆசிரியர் எனக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்.

அழைப்பை ஏற்றவருக்குச் சுமை குறைவதும் உண்டு. ராமானுஜரின் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி, வயதான காலத்தில் பாபவிநாசத்திலிருந்து தினமும் குடத்தில் தீர்த்தம் சுமந்து வந்தார். ஒருநாள் ஒரு வேடன், “தாத்தா, தாகமாக இருக்கிறது” என்று நின்றான். பெருமாளுக்கான தீர்த்தம், தர முடியாது என்றார். வேடன் அம்பால் குடத்தைத் துளைத்துக் குடித்துவிட்டான். கிழவர் கலங்கி நிற்க, இன்னோர் அம்பை மலையில் எய்தான். அங்கே தண்ணீர் கொட்டியது. கோயிலுக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் அருவி. அதுதான் ஆகாசகங்கை என்பார்கள். அவருடைய வம்சத்தார் இன்றும் அந்தத் தீர்த்தத்தைச் சுமக்கிறார்கள். தள்ளாத வயது என்று பெருமாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பாதையைச் சுருக்கிக் கொடுத்தார்.

பைபிள் படித்தவர்களுக்கு மோசே நினைவுக்கு வருவார். வாய் திக்கும், எனக்குப் பேச வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று மன்றாடினார். கடவுள் அவருக்குத் துணையாக ஆரோனைக் கொடுத்தார், விடுதலை கொடுக்கவில்லை.

சில நேரம் ‘எனக்குத் தெரியாது’ என்பது உண்மையாகவே இருக்கும், அதையும் மறக்கக் கூடாது. ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். சித்தூர் அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர், ஆகவே அவரை நம் மாவட்டத்துப் பெண் என்றே சொல்லலாம். பாட்டனார் காலத்திலிருந்து மருத்துவ ஊழியம் செய்த குடும்பம். ஐடாவுக்கு அதில் விருப்பமில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியருக்கும் பிரசவ வலி. என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் எங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்தவரில்லை. அந்த இரவு அவரால் எதுவும் செய்திருக்க முடியாது. அதைச் சாக்காக வைத்துக்கொள்ளாமல் அமெரிக்கா போய்ப் படித்தார். 1899இல் மருத்துவரானார், அடுத்த ஆண்டே திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். இந்த அரங்கில் இருப்பவர்களில் அவர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் படியேறாத குடும்பம் எத்தனை இருக்கும்? படித்துத் தகுதியைத் தேடிக்கொள்வதும் எழுந்து நிற்பதுதான்.

கடைசியாக நம் மண்ணின் ஓர் அம்மா. தரிகொண்ட வெங்கமாம்பா, 1730இல் பிறந்தவர். தரிகொண்டா நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த கிராமம். சின்ன வயதில் கல்யாணம், சின்ன வயதிலேயே கணவர் போய்விட்டார். பொட்டை அழி, வளையலை உடை, தலையை மழி என்றது ஊர். வேங்கடவன் என் கணவன் என்று சொல்லி அவர் மறுத்தார். ஊர் படுத்திய பாட்டில் திருமலைக்கு வந்தார். அங்கேயும் தொல்லை, தும்புரு தீர்த்தக் குகையில் போய்த் தவமிருந்தார். ஓனமாலு, அதாவது அரிச்சுவடி, அதுகூட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தரிகொண்டா நரசிம்மன் சொல்ல வைத்தான், சொன்னேன் என்று தம் நூலிலேயே எழுதியிருக்கிறார். அப்படிச் சொன்னவர் வேங்கடாசல மாகாத்மியம் எழுதினார், பாகவதத்தைத் துவிபதை என்ற ஈரடிப் பாவில் பாடினார். 1817இல் மறைந்தார்.

தகுதியில்லை என்று அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது ஒன்று. ஊரே கூடி நின்று உனக்குத் தகுதியில்லை என்று சொன்னது இன்னொன்று. இரண்டாவதுதான் கொடியது. அழைப்பு வந்த பெண்களை, ஏழைகளை, ஒதுக்கப்பட்ட சாதியாரை வாசலில் நிறுத்தித் தகுதிச் சீட்டு கேட்ட பாவம் நம் எல்லாச் சமயங்களுக்கும் உண்டு. அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கு வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு நல்ல காரியத்துக்கு எழுந்தால், அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். கூடையின் ஒரு பக்கத்தைப் பிடியுங்கள்.

திருமலையில் தினமும் பல்லாயிரம் பேர் சாப்பிடும் அன்னப்பிரசாதக் கூடத்துக்கு இன்று வெங்கமாம்பாவின் பெயர். இரவில் ஏகாந்த சேவை. வேங்கடவனைத் தாள்ளபாக்கம் அன்னமாசாரியாரின் தாலாட்டில் உறங்க வைத்து, தரிகொண்ட வெங்கமாம்பாவின் முத்தியால ஆரத்தி எடுத்து நடையைச் சாத்துவார்கள். நாம் இங்கிருந்து கலைந்து வீடு போய்ச் சேர்ந்த பிறகு, இன்றிரவும் அந்த ஆரத்தி எடுப்பார்கள்.